அகாமடேஷன் – தகவமைப்பு

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் அடிக்கடி கேட்கும் சொல் ‘அகாமடேஷன்’. அகராதியைப் புரட்டினால் ‘தங்குமிடம்’, ‘இடவசதி’ என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பொருள் வேறு. பிள்ளையின் மனநிலைக்கும் கற்கும் விதத்துக்கும் ஏற்றபடி, பாடம் நடத்துவதையும் தேர்வு வைப்பதையும் பள்ளி மாற்றிக்கொள்வதுதான் அகாமடேஷன்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மோதுஸ்’ என்றால் அளவு. அதிலிருந்து ‘கொம்மோதுஸ்’, அதாவது அளவுக்குப் பொருந்தியது. அதிலிருந்து ‘அக்கொம்மோதாரே’, பொருந்தும்படி செய்தல். அமெரிக்கச் சட்டத்தில் 1972-இல் இது இடம்பெற்றபோது, ஊழியரின் மத அனுசரிப்புக்கு முதலாளி இயன்றவரை இடம்கொடுக்க வேண்டும் என்பதே பேச்சு. அப்புறம்தான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு வந்தது. 2006-இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் 2016-இல் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ‘நியாயமான’ என்ற அடைமொழியோடு இதை எடுத்துக்கொண்டன. இரண்டுமே இதை மறுப்பதைப் பாகுபாடு என்று வரையறுக்கின்றன. 2016 சட்டம் கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்தது.

தமிழ்நாட்டில் நாம் இதற்குப் பழகிய சொல் ‘சலுகை’. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் செய்தித்தாளில் வரும்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு, எல்லாமே ‘சலுகைகள்’. இந்தச் சொல் எனக்கு ஒப்பவே இல்லை. சலுகை என்பது தயவு; கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு. “அவனுக்கு மட்டும் ஏன் சார்?” என்று பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்கும்போது, ‘சலுகை’ என்று சொல்லிவிட்ட ஆசிரியரிடம் அதற்குப் பதில் இருக்காது.

பொருத்தமான சொல் ‘தகவமைப்பு’. தகவு என்றால் தகுதி, பொருத்தம். இன்னொரு பொருளும் உண்டு. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும்’ என்ற குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வருவது. அங்கே ‘தகவிலர்’ என்றால் நடுநிலை இல்லாதவர். ஆகவே பொருத்தம், நேர்மை இரண்டும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அறிவியல் பாடத்தில் ஒட்டகமும் சப்பாத்திக் கள்ளியும் பாலைவனத்துக்குத் தகவமைந்தவை என்று படிக்கிறோம். அங்கே மாறுவது உயிரினம். இங்கே மாற வேண்டியது பள்ளி. அதனால் ‘பள்ளித் தகவமைப்பு’, ‘தேர்வுத் தகவமைப்பு’ என்று சேர்த்தே சொன்னால் குழப்பம் வராது.

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பக்கம் பக்கமாக நோட்டு. அதுவரை சமாளித்த பிள்ளை தடுமாறுவது அங்கேதான். தமிழ் எழுத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது: ‘கொ’ என்று எழுதும்போது குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது, ஆனால் உயிரொலி மெய்க்குப் பின்னால்தான் வருகிறது. ல, ள, ழ குழப்பம் வேறு. ‘ஒலிச்சேர்க்கை’ என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே இலையையும் சூரியனையும் சரியாக வரைந்து அம்புக்குறி போட்டிருக்கும் பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கை தெரியும். அறிவியல் மதிப்பெண்ணை அந்த ஒரு எழுத்துக்காகக் குறைக்காமல் இருப்பது தகவமைப்பு. குடவோலை முறையை வாயால் சொல்லச் சொல்லி மதிப்பெண் போடுவதும் அப்படியே. பாடத்தையே குறைத்து எளிய கேள்வி கேட்பது வேறு. அதைப் ‘பாடமாற்றம்’ எனலாம். சில பிள்ளைகளுக்கு அதுவும் தேவைதான், ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போகக் கூடாது.

மனம் சார்ந்த தேவையும் இதில் அடங்கும். வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கும்போது, தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து வியர்க்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. முறை வருவதற்குள் பக்கத்திலிருப்பவனைச் சீண்டி வெளியே அனுப்பப்படுகிறவனும் அதே பிள்ளையாக இருக்கலாம். ‘அடங்காதவன்’ என்று பெயர் வாங்கிவிடுவான். எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடலாம். பதற்றம் வந்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதிக்கலாம். கால அட்டவணை மாறினால் காலையிலேயே சொல்லலாம். இதற்கெல்லாம் காசும் வேண்டாம், மருத்துவச் சான்றிதழும் வேண்டாம். சான்றிதழ் பொதுத்தேர்வுக்குத்தான் தேவை.

சரி, சொல்லை எப்படிப் புழங்குவது? பள்ளிக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் ‘சலுகை வழங்குமாறு வேண்டுகிறேன்’ என்பதை விட்டு, ‘என் மகளுக்கு வேண்டிய தகவமைப்புகள்’ என்று தலைப்பிட்டு, எந்தப் பாடத்தில் என்ன என்று எழுதலாம். அதைப் பத்தாம் வகுப்பில் அல்ல, ஆறாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே எழுதலாம்.