ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு, தலை ஏன் சுத்துது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுபவர். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்து என்னிடம் வந்தபோது மனைவிதான் பேசினார்: "டாக்டரம்மா, வேலைக்குப் போகாம நடிக்கிறாருன்னு மண்டோர் சொல்றாரு." (மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். நான் டாக்டர் இல்லை, பிசியோ. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.)

"எப்பண்ணே சுத்துது?"

"குலைய அண்ணாந்து பார்த்தா சுத்துதும்மா. ராத்திரி வலப்பக்கம் புரண்டா கட்டிலே கவுந்த மாதிரி இருக்கு. கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

பாதி விடை அதிலேயே இருந்தது. உள்காதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையில் அடிபட்டால் சில உதிர்ந்து, பக்கத்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். தலையைத் திருப்பும்போது அவை நகர, உள்ளிருக்கும் நீரும் நகரும். உடம்பே சுழல்வதாக மூளை ஏமாந்துபோகும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ரத்தக்கசிவைத் தேடும் ஸ்கேனில் இது தெரியாது.

கழுத்தில் காயமில்லை என்று உறுதியானதும், தலையை வலப்பக்கம் திருப்பிச் சட்டென மல்லாக்கப் படுக்க வைத்தேன். கண் துடித்துச் சுழன்றது. டிக்ஸ், ஹால்பைக் இருவரும் 1952இல் விவரித்த இந்தச் சோதனைக்கு ஒரு கட்டில் போதும். அப்புறம் எப்லி முறை: தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுவது. அடிபட்டு வந்த சுற்றலுக்கு ஒரு முறை போதாமல் போகலாம். இவருக்கு மூன்று முறை. அதன்பிறகும் மேடுபள்ளத்தில் தடுமாறினார். அதற்குத் தனியாக நடைப்பயிற்சி கொடுத்தோம்.

எல்லாத் தலைசுற்றலும் துகளால் வருவதில்லை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கூட்டத்தில், விளக்கு வெளிச்சத்தில் தலை மிதந்து, கூடவே மண்டையிடியும் வந்தால் அது வேறு கதை, வைத்தியமும் வேறு. "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிளினிக்கில் தரும் தலைசுற்றல் மாத்திரை முதல் சில நாளைக்குச் சரி. வாரக்கணக்கில் விழுங்கினால் மூளை சமநிலைக்குப் பழகுவதே தாமதமாகும். டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள். சுற்றல் நிற்கும்வரை ஏணியும் மோட்டாரும் வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தென்றால் சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சொல்லுங்கள்.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, பேச்சு குளறினாலோ, ஒரு பக்கம் பலமிழந்தாலோ என்னிடம் வராதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகளுக்கு, விழுந்து சில வாரம் கழித்துக்கூட இப்படி ஆகலாம். கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.