அடுக்குக்குள் போனதா, மேலே படிந்ததா?

ஆல்ஃபா சிர்கோனியம் பாஸ்பேட் தாள் தாளாக அடுக்கிய படிகத் தூள்; தன் ஹைட்ரஜனைக் கொடுத்து உலோக அயனியை அடுக்குகளுக்கிடையே ஏற்றுக்கொள்ளும். இந்த வெள்ளைத் தூள் தாமிரக் கரைசலில் நீலமாக மாறியதும், அயனி அடுக்குகளுக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடிக்கடி நேரும் பிழை இதுதான். துகளின் வெளிப்புறத்தில் தாமிர ஹைட்ராக்சைடு படிந்தாலும் தூள் நீலமாகத்தான் தெரியும். நிறத்தை நம்பி அறிக்கை எழுதாதீர்கள்.

இந்தப் பொருளில் அடுக்குக்கு அடுக்கு தூரம், அடுக்கின் தடிமனையும் சேர்த்து, 7.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). உள்ளே போகும் வாசலோ சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம்தான். தாமிரம், நிக்கல், கோபால்ட் அயனிகள் கரைசலில் தம்மைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடித்திருக்கும். அந்தப் பருமனோடு அறை வெப்பநிலையில் அவை ஏறக்குறைய நுழைவதே இல்லை. ஆகவே முதலில் அடுக்கை விரிக்க வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது சோடியம் வழி. 1 கிராம் தூளில் பரிமாறத்தக்க ஹைட்ரஜன் 6.64 மில்லிமோல் உண்டு. அதில் பாதியை மட்டும் சோடியமாக மாற்றினால் போதும். தூளை 0.1 மோலார் சோடியம் குளோரைடு 50 மில்லிலிட்டரில் கலக்கி, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 33 மில்லிலிட்டரைச் சொட்டுச் சொட்டாக, இரண்டு மணி நேரமாவது எடுத்துச் சேருங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் சொட்டு விழும் இடத்தில் காரம் மிகுந்து, பாஸ்பேட் பிரிந்து கரைசலுக்கு வந்துவிடும்.

இப்போது தூரம் 11.8 ஆங்ஸ்ட்ராம். ஆனால் வாசலைத் திறந்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் நீர். அடுப்பில் உலர்த்தினால் நீர் வெளியேறித் தூரம் 7.9-க்குச் சுருங்கும், செய்த வேலை வீண். வடிகட்டி, லேசாகக் கழுவி, ஈரக் கூழாகவே அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

சோடியத்துக்குப் பதில் பியூட்டைல் அமீன் போட்டால் அது 18.6 ஆங்ஸ்ட்ராம் வரை விரிக்கும் (1 கிராமுக்கு 0.66 மில்லிலிட்டர், புகைக்கூண்டுக்குள் மட்டும்). கவர்ச்சியான எண்தான். ஆனால் உலோகம் உள்ளே வரும்போது அமீன் வெளியேறிக் கரைசலைக் காரமாக்கும். ஹைட்ராக்சைடு படிய அதுவே வழி செய்துவிடுகிறது.

உலோகத்தை ஏற்ற, சோடியம் வழியில் கிடைத்த ஈரக் கூழுக்கு 0.1 மோலார் காப்பர் அசிட்டேட் 100 மில்லிலிட்டர், அதாவது தேவையைப் போல மூன்று மடங்கு. குளோரைடையோ சல்பேட்டையோ எடுத்தால், முழுப் பரிமாற்றத்தில் வெளிவரும் 3.32 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி பிஎச்சை 1.5 அருகே இழுத்துவிடும். அந்த நிலையை எட்டுமுன்னே பரிமாற்றம் தடைபடும். அசிட்டேட் அந்த அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிஎச் 4-க்கும் 5.5-க்கும் இடையில் நிற்கட்டும். ஒரு நாள் கலக்கி, வடிகட்டி, புதுக் கரைசலில் மறுபடியும் ஒரு நாள். வடிநீரைத் தொட்டியில் கொட்டாமல் கன உலோகக் கழிவுக் கலனில் சேருங்கள்.

உண்மையைச் சொல்வது எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படம்; அடுக்குத் தூரம் கூடினால் அதில் முதல் உச்சம் சிறிய கோணத்துக்கு நகரும். தாமிரக் குழாய்க் கதிரில், மாறாத பொருளின் முதல் உச்சம் 11.6 பாகையில் இருக்கும். தாமிரம் முழுமையாக ஏறி நான்கு நீர் மூலக்கூறுகளோடு நிற்கும் வடிவம் சுமார் 9.6 ஆங்ஸ்ட்ராம், உச்சம் 9.2 பாகைக்கு நகரும். இரண்டு உச்சமும் தெரிந்தால் மாறியதும் மாறாததுமாக இரண்டு படிக வடிவங்கள் கலந்திருக்கின்றன, சராசரி எடுக்காதீர்கள். 11.6 அப்படியே இருந்து தூள் மட்டும் நீலமென்றால், தாமிரம் வெளியேதான் இருக்கிறது.

தனிமப் பகுப்பாய்வும் கட்டாயம். ஒரு சிர்கோனியத்துக்கு ஒரு தாமிரமே உச்ச அளவு. அதைத் தாண்டினால் படிவு நிச்சயம். பாஸ்பரஸ் சிர்கோனியத்தைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும். குறைந்திருந்தால் அடுக்கே அரிக்கப்பட்டிருக்கிறது. வடிநீரில் பாஸ்பேட் சோதித்தால் அது உறுதியாகும்.

ஈரப்பதமும் ஏமாற்றும். படம் எடுக்குமுன் மாதிரியை நிறைவுற்ற உப்புக் கரைசல் வைத்த மூடிய கலத்தில், ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதத்தில், எடை மாறாத வரை வையுங்கள். இல்லையென்றால் ஒரே மாதிரி, மழை நாளில் ஓர் எண்ணும் வெயில் நாளில் வேறோர் எண்ணும் தரும்.