அப்பா போன பிறகு அவருடைய துப்பாக்கி

அப்பா பெயரில் லைசென்ஸ் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் செல்லும், அதுவரை பயமில்லை என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் மலையடிவாரக் கிராமங்களில் நிறைய. அந்த நிம்மதிதான் ஆபத்து. லைசென்ஸ் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. அவர் கண்ணை மூடியதும் பீரோ மேல் துணி சுற்றிக் கிடப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு ஆயுதச் சட்டத்தில் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. பன்றி விரட்ட வாங்கிய ஒற்றைக் குழல்தானே என்பதெல்லாம் எஃப்ஐஆரில் ஏறாது.

அதனால் காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். துப்பாக்கியை ஒப்படைக்கிறோம் என்று முதலில் காவல் நிலையத்துக்கு மனு போகட்டும்.

ஸ்டேஷன் ரைட்டர், "அய்யா பந்தோபஸ்து போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கும் அதே பதில்தான். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அன்றே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் ஸ்பீட் போஸ்ட், சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு அந்தச் சான்றுதான் சாட்சி.

மனு எழுதும்முன் குழலில் பொறித்த எண்ணை எண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படியுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகங்கள் கையால் எழுதியவை. அதில் 3 இருக்கும், குழலில் 8 இருக்கும். இந்த ஓர் எண்ணுக்காகவே கோப்பு நின்றுவிடும். வித்தியாசத்தை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். தோட்டா எத்தனை என்பதும் வர வேண்டும்.

ரசீது இல்லாமல் துப்பாக்கி கைமாறவே கூடாது. "நம்ம ஸ்டேஷன்தானே" என்று கொடுத்துவிட்டு, அங்கிருந்தவர் மாறுதலாகிப் போனதும் பதிவேட்டில் அப்படி ஒன்றே இல்லை என்று கைவிரிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ரசீது வந்தாலும் அசந்துவிடாதீர்கள். திரும்பப் பெறவோ விற்கவோ உள்ள கெடு முடிந்தும் யாரும் கேட்காவிட்டால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும். வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ளவருக்கு விற்க அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம்.

வேண்டும் என்றால் 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரிசுக்கு லைசென்ஸ் தருவது பற்றியது. தரலாம் என்றுதான் அது சொல்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை எல்லாம் தேவை. கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளும் வாரிசுகள்தான். சொத்துத் தகராறு இருக்கும் வீட்டில் துப்பாக்கியும் அதில் மாட்டிக்கொள்ளும். ஏற்கனவே உங்கள் பெயரில் இரண்டு இருந்தால் மூன்றாவதுக்கு வழியில்லை, அது பரம்பரைத் துப்பாக்கியாகவே இருந்தாலும்.

விசாரணைக்கு வருபவர், "உங்க உயிருக்கு என்ன ஆபத்து?" என்பார். இல்லாத எதிரியை உண்டாக்காதீர்கள். வாரிசாகக் கேட்கிறேன், 25ஆம் விதி என்று எழுத்தில் கொடுங்கள். போலீஸ் அறிக்கை 30 நாளில் போக வேண்டும், அது வந்து 60 நாளில் முடிவு வர வேண்டும் என்பது விதி. கலெக்டர் ஆபீசில் கேட்டால் எஸ்.பி. ஆபீசில் இருக்கிறது என்பார்கள். அங்கே ஸ்டேஷனிலிருந்து வரவில்லை என்பார்கள். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, கோப்பு எந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

துப்பாக்கிகள் குறையட்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019இல் இரண்டாக்கியதும் நியாயமே. ஆனால் மறுப்பதென்றால் காரணம் எழுதி மறுக்கட்டும், கோப்பைத் தூங்க வைப்பானேன்? காரணத்தோடு மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பதிலே வராவிட்டால் எதை எதிர்த்துப் போவது?

லைசென்ஸ் கைக்கு வந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதியல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி.

அப்பா உயிரோடு இருக்கிறாரா? அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அதே 25ஆம் விதிப்படி இப்போதே வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.