"பெயரைத்தானே சொன்னேன்" என்பவர்களுக்கு

சென்ற வாரம் இந்தோனேசியாவின் மேடானில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகளும் காவல்துறை அழைப்பாணையோடு வந்தார்கள். மகளுக்கு 21 வயது; அடுப்படியில் நின்று சமைத்தபடியே டிக்டாக் நேரலையில் பேசிப் பெயர் வாங்கியவர். "நான் சூதாடவே இல்லையே ஐயா, நேரலையில் அந்தச் சூதாட்டத் தளத்தின் பெயரைத்தானே சொன்னேன்?" என்றார். இவ்வாண்டில் இதே வாக்கியத்தோடு வந்தவர்களில் இவர் நான்காமவர்.

மின்னணுத் தகவல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சூதாட்ட உள்ளடக்கத்தைப் பரப்பியவரையும் அனுப்பியவரையும் பிறர் கைக்கு எட்டும்படி வைத்தவரையும் பிடிக்கிறது. நீங்கள் ஒரு ரூபியாகூடப் பந்தயம் கட்டாமல் இருந்திருக்கலாம். அது உங்களைக் காப்பாற்றாது. அந்தத் தளத்தைக் "கேம்" என்று அழைத்தாலும், அதன் பெயரில் நேரலைக்குப் பரிசு அனுப்பிய கணக்குக்கு நன்றி சொன்னதாக விளக்கினாலும் வழக்கு வழக்குதான். 2024 திருத்தத்துக்குப் பின் 10 ஆண்டு வரை சிறை, 1,000 கோடி ரூபியா வரை அபராதம்.

2011-இல் கோரந்தாலோவைச் சேர்ந்த காவலர் நார்மன் கமாரு, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த இந்திப் பாடலுக்கு வாயசைத்து யூடியூபில் புகழடைந்தபோது, அந்தப் புகழைக் காசாக்கத் தொலைக்காட்சியின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே விளம்பர வாசகத்தைப் படித்துப் பார்க்க ஆளுண்டு, ஒளிபரப்பு ஆணையத்துக்கு அஞ்சும் நிர்வாகமும் உண்டு. இன்று கைப்பேசியே நிலையமாகிவிட்டதால் இடையில் படித்துப் பார்ப்பவர் எவருமில்லை; ஒளிபரப்பு ஆணையம் இணையத்துக்கு வராது என்பதைக் கேட்டுவிட்டு, சட்டமே வராது என்று நம்பிவிடுகிறார்கள். சேவல் கொத்துவதைப் போன்ற நடனத்தால் நாடறிந்த சுகபூமித் தையல்காரர் சட்போர், நேரலையில் ஒரு சூதாட்டத் தளத்தைச் சொன்னதற்காக 2024-இல் கைதானார். எங்கள் மேடானின் "கிரேசி ரிச்" (பெருஞ்செல்வர்) என்று பெயர் வாங்கிய இந்த்ரா கென்ஸ், பினோமோ வர்த்தகத் தளத்தை முன்னிறுத்திய வழக்கில், வேறு பிரிவுகளின்கீழ், 2022-இல் 10 ஆண்டு தண்டனை பெற்றார்.

ஆகவே, எண்டோர்ஸ் (காசுக்கு விளம்பரம்) கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் முகமறியாத எண்ணிடம் நிறுவனப் பெயரையும் எழுத்து ஒப்பந்தத்தையும் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். நேரலையில் பரிசு அனுப்பும் கணக்கின் பெயரை வாய்விட்டு வாசிக்கும் முன் அது என்னவென்று பாருங்கள். பெற்றோரே, பிள்ளையின் வங்கிக் கணக்கில் திடீரென விழும் தொகை எங்கிருந்து வந்தது என்று தயவுசெய்து கேட்டுவிடுங்கள்.

அழைப்பாணை வந்துவிட்டால் எதையும் அழிக்காதீர்கள். உங்களை அணுகியவர் யார், என்ன சொல்லி இணங்க வைத்தார் என்பதற்கு அந்த உரையாடல்தான் எங்களுக்குக் கிடைக்கும் ஆதாரம். அந்தப் பெண்ணிடம் கைப்பேசியைக் கேட்டேன். வரும் வழியிலேயே, அம்மா சொன்னார் என்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார்.