மேக்கப்: பவுடர் முதல் பாய்லர் வரை

மேக்கப் என்றதும் நமக்கு பவுடரும் லிப்ஸ்டிக்கும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது 'மேக் அப்' என்ற வினையின் ஒரு கிளை, அவ்வளவுதான். இல்லாத கதையைச் சொன்னாலும் மேக் அப். சண்டை போட்டவர்கள் ராசியானாலும் மேக் அப். லீவு போட்ட நாளுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தாலும் மேக் அப். மொழிபெயர்க்க உட்காருபவர்கள் இந்த இடத்தில் 'உருவாக்கு' என்று ஒரே சொல்லைப் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது வேண்டியதே இல்லை. இந்த அர்த்தங்களில் அனேகமாக எல்லாவற்றுக்கும் நம்மிடம் புழக்கத்தில் உள்ள சொல் இருக்கிறது.

முதலில் இத்தனை அர்த்தங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். 'மேக்' பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மன் மொழியின் 'மாகென்' அதன் உறவு. செய்தல் என்பதுதான் அதன் பொருள். சூட்சுமம் 'அப்' என்ற ஒட்டில் இருக்கிறது. மேலே என்பது அதன் நேர்ப்பொருள் என்றாலும், வினையோடு சேரும்போது பல இடங்களில் 'மிச்சமில்லாமல், முழுசாக' என்ற பொருளைத் தருகிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. நாம் 'விடு' என்ற துணைவினையை வைத்துச் செய்கிற வேலைக்கு இது நெருக்கமானது. ஆக, மேக் அப் என்றால் பல துண்டுகளைச் சேர்த்து முழுசாக்குவது. பணத்தில் குறைவதைப் போட்டு முழுசாக்கினால் ஈடு. நடக்காததை நடந்ததுபோல் துண்டு துண்டாகச் சேர்த்தால் பொய்க்கதை. முறிந்த உறவை முழுசாக்கினால் சமாதானம். நடிகர் முகத்தையும் உடையையும் சேர்த்துப் பாத்திரமாக முழுமை பெற்றால், அதுதான் நமக்குத் தெரிந்த மேக்கப்.

அந்தக் கடைசி அர்த்தம் நாடக மேடையில் பிறந்தது. சாதாரணப் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்வதற்கு அந்தச் சொல் பரவலாக வழங்கியது பின்னால்தான். ஹாலிவுட் நடிகர்களுக்குப் பூச்சு செய்துகொடுத்த மேக்ஸ் ஃபேக்டர், 1920களில் அதே சரக்கை மேக்கப் என்ற பெயரிலேயே கடைக்குக் கொண்டுவந்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

தமிழில் இதற்கு ஒப்பனை என்கிறோம். நல்ல சொல். 'ஒப்பு' என்ற வேரிலிருந்து வருவதால், பாத்திரத்துக்கு ஒப்பாக ஆக்குவது என்று மேடைக்குப் பொருத்தமாகவே பொருள் சொல்லலாம். அரிதாரம் என்பதும் உண்டு. கந்தகமும் ஆர்செனிக்கும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர் அது. முகத்தில் பூசும் வண்ணமாக இருந்ததால், 'அரிதாரம் பூசுதல்' நடிப்புத் தொழிலுக்கே இன்னொரு பெயராகிவிட்டது. இவற்றைவிடப் பழையது 'புனை'. நெடுநல்வாடையில் கணவனைப் பிரிந்து நகைகளைக் கழற்றிவிட்டு இருக்கும் அரசியை நக்கீரர் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறார். வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நின்றுவிட்ட ஓவியம். மேக்கப் இல்லாத முகத்தை இதைவிட அழகாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. அதே 'புனை'தான் புனைகதையிலும் இருக்கிறது. அழகுபடுத்துவதும் கற்பனையாகக் கட்டுவதும் ஒரே வினைக்குள் சேர்ந்திருக்கின்றன, ஆங்கிலத்திலும் அப்படியே.

ஆனால் மேக் அப்புக்கு உண்மையான தமிழ்ச் சோடி 'கட்டு'தான் என்பேன். தெருக்கூத்தில் வேஷம் போடுவதை வேஷம் கட்டுதல் என்பார்கள். மரத்தால் ஆன கிரீடமும் புஜத்து அணிகளும் கட்டிக்கொண்டு வரும் ராஜா வேஷத்துக்குக் கட்டை வேஷம் என்றே பெயர். அந்தக் கட்டைகளை உடம்போடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கித்தான் கட்டுகிறார்கள். இல்லாததைச் சொல்வது கதை கட்டுதல், கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் இட்டுக்கட்டுதல். நட்டத்தை மேக் அப் செய்வது ஈடுகட்டுதல். கோபித்துக்கொண்டவரை வழிக்குக் கொண்டுவருவது சரிக்கட்டுதல். மனதை மேக் அப் செய்துகொள்வது என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, தீர்மானமாக முடிவெடுப்பது, அதற்குக்கூட முடிவுகட்டுதல் இருக்கிறது. நாம் அதைப் பெரும்பாலும் அவசரப்பட்டு எடுக்கும் முடிவுக்குச் சொல்கிறோம் என்பதால் பார்த்துத்தான் போட வேண்டும்.

அச்சுக்கூடத்திலும் இதே ஒற்றுமை. ஈய எழுத்துக் காலத்தில், அச்சுக் கோப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரி வரியாகக் கோத்து வைப்பார். அப்புறம் அந்த வரிகளைத் தலைப்போடும் படத்துக்கான பிளாக்கோடும் பக்க அளவுக்கு அடுக்கி, சிதறாமல் இருக்கச் சுற்றிலும் கயிறு போட்டுக் கட்டுவார்கள். ஆங்கிலத்தில் இது பேஜ் மேக்கப். தமிழில் பக்கம் கட்டுதல். கம்ப்யூட்டர் வந்த பிறகு கயிறு போய்விட்டது. இப்போது பக்க வடிவமைப்பு என்கிறோம். தவறில்லை, ஆனால் பழைய சொல்லில் அந்த வேலையே தெரிந்தது.

'கட்டு' எட்டாத இடங்களும் உண்டு. குழந்தைகள் சண்டைக்குப் பிறகு சேர்ந்துகொள்வதற்குப் 'பழம் விடுதல்' என்ற அருமையான சொல் இருக்கும்போது, கதைகளில் அவர்கள் 'சமரசம் செய்துகொண்டார்கள்' என்று எழுதுவது எனக்கு வருத்தம்தான். பெரியவர்கள் ராசியாகட்டும், குழந்தைகள் பழம் விடட்டும்.

இதையெல்லாம்விட அதிகம் கெட்டுப்போவது 'ஐந்து பேரால் மேட் அப்' ஆன குழு. இதை 'ஐந்து பேரால் உருவாக்கப்பட்ட குழு' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அந்த ஐந்து பேர் சேர்ந்து வேறு யாரையோ வைத்துக் குழு அமைத்ததாகப் பொருள்படும். 'ஐந்து பேர் கொண்ட குழு' என்றால் தீர்ந்தது. 'தொழிலாளர்களில் பாதியைப் பெண்கள் உருவாக்குகிறார்கள்' என்பதும் இதே பிழைதான். 'தொழிலாளர்களில் பாதிப்பேர் பெண்கள்'. இங்கே தமிழுக்கு வினையே தேவையில்லை.

தொழில்நுட்பத்தில் வரும் மேக்கப்பையும் சொல்ல வேண்டும். அனல் மின்நிலையத்துப் பாய்லரில் கொதிக்கும் நீர் ஆவியாகி, டர்பைனைச் சுழற்றிவிட்டு, குளிர்ந்து மறுபடி நீராகத் திரும்பி வருகிறது. கசிவிலும், அழுக்குச் சேராமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவதிலும் போகும் நீருக்குப் பதிலாகப் புதிதாகச் சேர்ப்பதுதான் மேக்கப் வாட்டர். ஒப்பனை நீர் என்று எழுதினால் அபத்தம். ஈடுநீர் என்றால் அதிகம் படிக்காதவர்கள்கூடப் புரிந்துகொள்வார்கள். தவறவிட்ட பாடத்துக்கு நடத்தும் வகுப்பும் அப்படியே ஈடுவகுப்பு.

இன்னொன்று மருந்துக்கடையில். டாக்டர் சீட்டுப்படி மருந்துகளைக் கலந்து தயாரிப்பதும் ஆங்கிலத்தில் மேக் அப். அந்த வேலையைச் செய்ததால்தான் கம்பவுண்டருக்கு அந்தப் பெயர். இங்கே மட்டும் 'கட்டு' வேண்டாம். மருந்து கட்டுதல் புண்ணுக்குத் துணி சுற்றுவதாகிவிடும். 'மருந்து கலந்து கொடுத்தார்' என்று எழுதுங்கள்.