கறுப்பு அங்கிக்குள் ஒரு புகைபோக்கி

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார். மகளின் பிள்ளைப்பேறுக்காக ஆடியில் கட்டாருக்குப் போகிறாராம். "தம்பி, அங்க கறுப்பு அங்கி போடத்தான் வேணுமோ? அந்த வெயிலுக்க அதைப் போட்டா அவிஞ்சு போயிடுவன். அம்மா வேற, பயணப் பெட்டிக்குள்ள கறுப்பு வைக்கக்கூடாது எண்டு நிக்கிறா."

ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டாரில் வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா என்ற அந்தக் கறுப்பு அங்கி கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உடுப்பு உடம்பைப் பிடிக்கக்கூடாது. பள்ளிவாசலுக்குள் போவதென்றால் தலைக்கும் ஒரு துணி வேண்டும். சவூதியும் 2019இல் சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டது. ஈரான் என்றால் கதை வேறு, அங்கே முக்காடு சட்டம்.

அம்மாவின் கறுப்புப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. அக்காவின் பயத்துக்கு இருக்கிறது.

கறுப்பு சூட்டை உறிஞ்சும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது சரிதான். ஆனால் துணி சுடுவதும் ஆள் சுடுவதும் ஒன்றல்ல. பாலைவனத்து பெதூயின் நாடோடி மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஷ்கோல்னிக் என்ற ஆய்வாளரும் மூன்று கூட்டாளிகளும் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அளந்து பார்த்து, 1980இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். உச்சி வெயிலில் ஒருவரைக் கறுப்பு அங்கியோடும், வெள்ளை அங்கியோடும், இராணுவச் சீருடையோடும், அரைக்காற்சட்டையோடும் மாறி மாறி நிற்க வைத்தார்கள். வெள்ளையை விடக் கறுப்பு அங்கியின் மேற்பரப்பு 6 பாகை கூடுதலாகச் சுட்டது. உடம்புக்குப் போய்ச் சேர்ந்த சூடோ இரண்டிலும் ஒன்றுதான்.

மிச்சச் சூடு எங்கே போனது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. துணிக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி. அதற்குள் நிற்கும் காற்று துணியின் சூட்டை வாங்கி, இலேசாகி, மேலே எழும்பிக் கழுத்து வழியாகவும் நெசவுக் கண்கள் வழியாகவும் வெளியேறுகிறது. அது விட்ட இடத்தை நிரப்பக் கணுக்கால் பக்கமாகப் புதுக்காற்று ஏறுகிறது. அங்கி முழுவதும் ஒரு புகைபோக்கி. நடந்தால் விளிம்பு அடித்து அடித்துக் கொல்லன் துருத்தியாகிவிடும். ஏறும் காற்று குளிர்ந்ததல்ல, ஆனால் வறண்டது. தோலில் இருக்கும் வியர்வையை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 2400 கிலோயூல் போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் உண்டாக்கும் சூடு அது. உடம்போடு ஒட்டிய கறுப்பு ரீசேட்டில் இந்த வித்தை ஒன்றும் நடக்காது. இடைவெளிதான் எல்லாம்.

மீள்குடியேறிய காலத்தில் எங்கள் தகரக் கொட்டிலுக்கு மேல் அம்மா கிடுகு பரப்பினார். கிடுகு வெயிலில் காய்ந்து கருகியது. கீழே படுக்க முடிந்தது. அதே கணக்கு.

வயலில் அருவி வெட்டும் பெண்களைப் பாருங்கள். சட்டைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சேட்டு, தலையில் துவாய். கழுத்துப் பொத்தான் இரண்டு திறந்திருக்கும், மணிக்கட்டில் கை தொளதொளவென்று தொங்கும். அந்தச் சேட்டை இதுவரை எத்தனை பேர் அளந்து பார்த்திருப்பார்கள்? நெகேவ் ஆய்வுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆளும் சில உடுப்புகளும் வெப்பத்தை அளக்கும் கருவிகளும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இருக்கிறது, விவசாய பீடமும் இருக்கிறது, சுற்றிவர வயலும் இருக்கிறது. இதற்கு நிதி வருமென்று கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தோஹா நெகேவ் இல்லை, கடற்கரை. நம்முடைய வறண்ட கச்சான் காற்றில் வியர்வை வந்ததே தெரியாமல் சேட்டில் உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். வளைகுடாவின் கோடையில் காற்றே ஈரத்தால் நிறைந்து நிற்கும். சவூதிக் கரையில் தஹ்ரானில் 2003 ஜூலை 8இல் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 35 பாகையைத் தொட்டது. தோலின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட அதுதான். அப்படிப்பட்ட வேளையில் வியர்வை வழியும், ஆவியாகாது. எந்த அங்கியும் உதவாது. பகலில் வெளியே போகாமல் இருப்பதுதான் வழி.

ஆகவே அக்காவின் பெட்டிக்கு: மெல்லிய பருத்தியில், ஓர் அளவு பெரிதாகத் தைத்த பஞ்சாபி நாலு. இறுக்கமான லெக்கிங்ஸ் வேண்டாம். தலைக்கு ஒரு பருத்திச் சால்வை. கடைகளிலும் ஆஸ்பத்திரியிலும் ஏசி பல்லை நடுங்க வைக்கும், அதற்கு ஒரு கம்பளிச் சட்டை. மகளின் அபாயாவைப் போட்டுப் பார்க்க ஆசையென்றால் தொளதொளவென்றதை எடுக்கட்டும்.

நேற்று இன்னொரு குரல் பதிவு. பின்னால் அம்மாவின் சத்தம்: "உது கறுப்பெல்லோ?"

"இல்லையணை, கருநீலம்."