போர்க்காலப் பாட்டுத்தாள்: கேலிக்கு ஆளாவது யார்?

பழைய அமெரிக்க இசைத்தாள்களைப் பட்டியலிடுவது என் வேலை. பியானோவில் வாசித்துப் பாடச் சுரமும் வரிகளும் அச்சிட்டு, வண்ண அட்டை போட்டு விற்ற தாள்கள் அவை. போர்க்காலத் தாள் எது வந்தாலும் ‘நையாண்டி’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது தவறு.

இரண்டாம் உலகப் போர்த் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனியைக் கேலி செய்யும் பாட்டில் பெரும்பாலும் அடி வாங்குவது ஹிட்லர்தான். டிஸ்னி கார்ட்டூனுக்காக ஆலிவர் வாலஸ் எழுதி, 1942-ல் ஸ்பைக் ஜோன்ஸ் குழு பிரபலமாக்கிய பாட்டு அந்த ரகம். அது அரசியல் நையாண்டி, சரி. ஆனால் 1941 டிசம்பர் 7-ல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய கையோடு வந்த பாட்டுகள் பலவற்றில் தலைப்பிலேயே ஜப்பானியர் மீதான இன வசை இருக்கும். இப்படிப்பட்ட தாள்களின் படங்களில் துருத்திய பல், தடித்த கண்ணாடி, மஞ்சள் முகம். குறிப்பிட்ட ஒருவருடைய முகமாக இல்லாததால் ஜப்பானியர் எல்லாருடைய முகமும் அதுவே ஆகிவிடுகிறது.

செய்தித்தாள் கார்ட்டூனைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். இசைத்தாளை வாங்குவதே வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பாடத்தான். பாடப் பாட வசை வாய்க்குப் பழகிப்போகும். 1942 பிப்ரவரி 19-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையைத் தொடர்ந்து ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குபேர் அமெரிக்கக் குடிமக்கள். பாட்டுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அக்கம்பக்கத்தார் பலர் வாய்மூடி இருந்ததில் இந்தப் பாட்டுகளுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

எதிரியை மட்டும்தான் இப்படி வரைந்தார்கள் என்றும் இல்லை. முதல் உலகப் போரில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின வீரர்களைக் கொண்ட 369-வது படைப்பிரிவு பிரான்ஸில் போரிட்ட அதே 1918-ல், கறுப்பின வீரர்களைக் கோமாளிகளாக்கிய பாட்டுகளும் அமெரிக்காவில் விற்பனையாயின.

பட்டியலிடும்போது தலைப்பை அச்சில் உள்ளபடியே எழுத வேண்டும். மாற்றினால் தேடுபவருக்குக் கிடைக்காது. நம் விளக்கக் குறிப்பில் அந்த வசைச்சொல் வேண்டாம். ‘நகைச்சுவைப் பாடல்’ என்று மழுப்பாமல், ‘ஜப்பானியரை இழிவுபடுத்தும் இனக் கேலிச்சித்திரம்’ என்றே எழுதுங்கள். ஸ்கேன் செய்யும்போது அட்டையை விட்டுவிடாதீர்கள், பின்பக்க விளம்பரம் உட்பட.

இப்படிப்பட்ட தாள் உங்கள் கைக்கு வந்தால் அழகுக்காகச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். வெட்கப்பட்டு எரித்துவிடவும் வேண்டாம். இசைத்தாள் சேகரிக்கும் பல்கலைக்கழக நூலகம் ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி இசைத்தாள் தொகுப்பில் இதுபோன்ற தாள்களை ஆய்வாளர்கள் இணையத்திலேயே பார்க்கிறார்கள்.